மிச்சத்தை மூட்டையிலேயே வையுங்கள், ஆச்சி

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்கள். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"மாமனாருக்கு எழுபது நிறைந்து போன மாதம் பீமரத சாந்தி செய்தோம். எங்கள் கணக்குக்கு 500 பேர். எதற்கும் இருக்கட்டும் என்று சமையல்காரரிடம் 600 என்று சொன்னோம். மதியச் சாப்பாட்டுக்கு வந்தது 430 பேர்தான் இருக்கும். சாயங்காலம் பார்த்தால் இரண்டு அண்டாச் சோறு, சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாம் அப்படியே நிற்கிறது. இரவு எட்டு மணிக்கு ஒரு முதியோர் இல்லத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். 'எப்போ வடிச்ச சோறு?' என்று கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டிலேயே ஆறு பெண்களை வைத்துப் பலகாரம் போட்டு விற்கிறேன், அதிலும் உடைசலும் எண்ணெயும் நிறைய வீணாகிறது. ஃபிரிட்ஜைத் திறந்தாலும் ஏதாவது ஒன்று அழுகிக் கிடக்கிறது. மாமியாரிடம் குறைத்துச் சமைக்கலாம் என்று சொன்னால், 'பந்தியில சோறு பத்தலன்னா அப்புறம் இந்த ஊர்ல தல காட்ட முடியுமா'ன்னு கேக்குறாங்க. எங்கே தொடங்குவது?"

ஆச்சி, முதலில் ஒன்று. அந்த இல்லத்தார் மேல் வருத்தம் வைக்காதீர்கள். அவர்கள் செய்ததுதான் சரி. உங்கள் வீட்டில் அன்றைக்குக் காலை பத்தரை, பதினொரு மணிக்குச் சோறு வடித்திருப்பார்கள். இரவு எட்டு மணி என்றால் ஒன்பது மணி நேரம். அண்டாவுக்குள் சோறு சீக்கிரம் ஆறாது, மேலே தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்புதான் கிருமிக்குப் பிடித்த இடம். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்து இருக்க வேண்டும், நடுவில் உள்ள அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் நான் யாருக்கும் கொடுக்கச் சொல்ல மாட்டேன். சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அரிசியோடேயே வரும், அதன் வித்து கொதிக்கிற உலையிலும் சாகாது, சோறு ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. வாசனையில் தெரியாது, நாக்கிலும் தெரியாது. நம் வயிறு ஒரு வேளை தாங்கும், எண்பது வயதுக்காரர்கள் முப்பது பேர் இருக்கிற இடத்தில் அது விளையாட்டுக் காரியமில்லை.

இரவு எட்டு மணிக்கு எடுத்த முடிவை மதியம் ஒன்றரைக்கு எடுத்திருந்தால் அந்தச் சோறு முப்பது நாற்பது பேர் வயிற்றுக்குப் போயிருக்கும். அதையும் முந்தைய நாளே யோசித்திருந்தால் மிஞ்சியே இருக்காது. உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாக் கேள்விக்கும் நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான், இடத்துக்கு இடம் வேறு வேறு விதமாகச் சொல்வேன். மிச்சம் பந்தியில் உண்டாவதில்லை, அளக்கிற இடத்தில் உண்டாகிறது.

உங்கள் விசேஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனதில் இருந்த கணக்கு 500. அதில் ஏற்கெனவே ஒரு பயம் சேர்ந்திருக்கும், ஏனென்றால் நம் பக்கம் கல்யாணமான ஒரு தம்பதியை ஒரு புள்ளி என்று வைத்துப் புள்ளிக் கணக்கில் அழைக்கிறோம், ஒரு புள்ளிக்கு இரண்டு பேர் வருவார்களா, பிள்ளை பேரனோடு ஆறு பேர் வருவார்களா என்று யாருக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் கூட்டியே எழுதுவோம். அப்புறம் சமையல்காரரிடம் 600 என்றீர்கள், அது இரண்டாவது பயம். சமையல்காரர் 600 என்று கேட்டதும், நாளைக்குப் பத்தவில்லை என்றால் பழி தன் தலையில் விழும் என்று 650-க்குச் சாமான் பட்டியல் எழுதியிருப்பார், அது மூன்றாவது. மறுநாள் அடுப்படியில் அரிசி களைகிறவர் ஒரு கை கூடப் போட்டிருப்பார். ஆக நாலு பேர், ஒருவருக்கொருவர் சொல்லாமல், நாலு முறை பயந்திருக்கிறார்கள். வந்தவர்கள் 430 பேர். இரண்டு அண்டா மிஞ்சாமல் என்ன செய்யும்?

பயமே கூடாது என்று சொல்ல வரவில்லை. விருந்துக்கு வந்தவர் இலையின் முன்னால் சோற்றுக்குக் காத்திருப்பது எனக்கும் பொறுக்காது. ஆனால் அந்தக் கூடுதல் ஒரே ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும், அதுவும் சமைக்காத பொருளாக இருக்க வேண்டும். சமையல்காரரிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள், "நாங்கள் கூட்டிச் சொல்லவில்லை, நீங்களும் கூட்ட வேண்டாம், கூடுதல் அரிசி தனி மூட்டையில் உக்கிராணத்தில், சாமான் அறையில், இருக்கிறது, நான் சொன்னால் மட்டும் பிரியுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மூட்டையில் மிஞ்சுகிற 10 கிலோ அரிசி அடுத்த மாதமும் அரிசிதான். வடித்துவிட்டால் அதற்கு ஆயுள் ஒரு மத்தியானம்.

கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்பது பொதுவாக எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. இனிப்பு இரண்டு, வடை, பிரிஞ்சி, தயிர்சாதம் என்று இலை நிறைந்த விருந்தில் வெள்ளைச் சோறு அதைவிடக் குறைவாகத்தான் போகும். 450 பேருக்கு 45 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதை ஒரே மூச்சில் வடிக்காதீர்கள். முதலில் 25 கிலோ. பிறகு ஒவ்வொரு பந்தி உட்காரும்போதும் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள், முகப்பில் எத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஓர் ஆள் எண்ணிவந்து சொல்ல, அதற்கேற்ப ஐந்தும் பத்துமாக வடிக்கட்டும். கோட்டை அடுப்பில் ஓர் ஓரத்தில் உலைநீர் கொதித்தபடியே இருந்தால், அரிசி போட்டு அரை மணிக்குள் சோறு பந்திக்கு வந்துவிடும். ஒரு பந்தி எழுந்து, இலை எடுத்து, துடைத்து, மறுபந்தி உட்கார்ந்து, பருப்பு நெய் முடிந்து சாம்பாருக்கு வர அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். கடைசிப் பந்திக்காரருக்கும் சூடான சோறு கிடைக்கும் என்பது இதில் கூடுதல் லாபம். இப்போது நடப்பதைப் பாருங்கள், கடைசியில் உட்காருகிற உறவுக்காரர்களும் வேலை செய்தவர்களும்தான் ஆறின சோறு சாப்பிடுகிறார்கள்.

அப்படியும் திடீரென்று இருபது பேர் அதிகமாக வந்து நின்றால்? ரவையும் சேமியாவும் உக்கிராணத்தில் இருக்கட்டும். கால் மணியில் கிச்சடி ஆகிவிடும், யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இதற்குச் சமையல்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை என்று பலர் சொல்கிறார்கள், உண்மைதான், எனக்கே நேர்ந்திருக்கிறது. என் அக்கா மகள் கல்யாணத்தில், உணவு வீணாகாமல் இருக்க வழி சொல்கிற இந்தத் தொழிலில் இருபது வருடமாக இருக்கிற நான் பக்கத்திலேயே நின்றும், ஒப்பந்தம் எடுத்தவர் காலை ஒன்பதரைக்குள் மொத்தச் சோற்றையும் வடித்து இறக்கிவிட்டு, பாதி ஆட்களை வேறொரு மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார். நான் கவனித்தபோது அடுப்பில் தீயே இல்லை. அன்று மிஞ்சியதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் புரிந்தது, இதை அடுப்படியில் நின்று பேசிப் பயனில்லை, முன்பணம் கொடுக்கிற அன்றைக்கே பேச வேண்டும். "இலைக்கு இவ்வளவு" என்று பேசி 600 இலைக்குப் பணம் கட்டிவிட்டால், அவர் 600 பேருக்குச் சமைத்துத்தான் தீர்வார், குறைத்தால் ஏமாற்றிவிட்டார் என்பீர்கள். அதற்குப் பதிலாக, "450 இலைக்கு உறுதி, அதற்கு மேல் போட்ட இலையை எண்ணி அதே விலைக்குத் தருகிறோம், 550 வரை சாமான் தயாராக இருக்கட்டும், பிரிக்காத சாமான் திரும்பட்டும், சோறு பந்திக்குப் பந்தி வடிக்க வேண்டும், கடைசிப் பந்தி வரை அடுப்பாள் ஒருவர் இருக்க வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். அடுப்பாளுக்குக் கூடுதல் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். இரண்டு அண்டாச் சோற்றின் விலையைவிட அது குறைவுதான்.

எண்ணிக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். இலையில் கிடைக்கும். அழைப்பிதழ் எத்தனை, மொய் நோட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் சாப்பாட்டுக் கணக்காகாது. பலர் காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள், சிலர் மதியத்துக்கு மட்டும் வருகிறார்கள், நாம் இரண்டு வேளைக்கும் ஒரே எண்ணை எழுதுகிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பந்திக்கு எத்தனை இலை போட்டோம், எத்தனை மணி, எத்தனை வாளிச் சோறு போனது, எத்தனை வாளி சாம்பார் என்று எழுதச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று போதும். நம் வீடுகளில் பிள்ளையார் நோன்பிலிருந்து சாந்தி வரை வருடத்துக்கு ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது, பங்காளி வீடுகளையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். ஒரே வளவில் அந்த நோட்டு கைமாறினால், மூன்றாவது விசேஷத்தில் உங்கள் மதிப்பு பத்துப் பேருக்குள் வந்து நிற்கும்.

அண்டாவில் மிஞ்சுவது ஒரு பக்கம், இலையில் மிஞ்சுவது இன்னொரு பக்கம். கோட்டையூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் இதற்காகவே இலை போடுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பந்தி முழுக்க நின்றேன். இலை எடுக்கிற அம்மா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். பாதிக்குப் பாதி இலையில் இரண்டாவது இனிப்பு தொடவே இல்லை. ஜாங்கிரியில் ஒரு கடி, மீதி அப்படியே. ஊறுகாய், பச்சடி, உப்பு எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி. சாம்பார் ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் எடுத்த சோறு, ரசத்துக்குப் போக வேண்டும் என்று ஓரத்தில் ஒதுக்கியிருக்கும். ஓர் இலையில் கடிக்காத முழு மெதுவடை இருந்தது. அந்த அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள், பிறகு இலையை மடித்துப் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார்கள். அவர்கள் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை.

அன்றைக்கு நான் கண்டது, ஆள் உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் இலையில் வைத்து முடித்துவிடுகிறோம் என்பது. பந்தி சீக்கிரம் நகர வேண்டும் என்கிற அவசரம். சர்க்கரைக்காரருக்கும் இரண்டு இனிப்பு, நாலு வயசுப் பிள்ளைக்கும் பெரியவர் அளவு கூட்டு. உப்பு, இனிப்பு ஒன்று, பச்சடி ஒன்று, இவை மட்டும் முன்னால் இருக்கட்டும். மற்றதெல்லாம் ஆள் உட்கார்ந்த பிறகு கேட்டு வையுங்கள். கரண்டியை ஒரு அளவு சின்னதாக்குங்கள், இரண்டு முறை வரச் சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க என்று இரண்டாம் முறை வந்து கேட்பதுதானே நம் பக்கத்து உபசாரம்? முதல் தடவையே குவித்து வைத்துவிட்டுப் போய்விடுவதை விருந்தோம்பல் என்று நான் நினைக்கவில்லை. இன்னொன்று, கால் லிட்டர் தண்ணீர் பாட்டில். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு எத்தனை பேர் வைத்துவிட்டுப் போகிறார்கள் பாருங்கள். சொம்பில் தண்ணீர் ஊற்றுகிற ஆள் ஒருவரை வைத்தால் போதும்.

இவ்வளவு செய்தும் மிஞ்சினால் அதைக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே பக்கத்தில் உள்ள இல்லங்களில் பேசி வையுங்கள். மத்தியானம் ஒன்றரைக்கு அழைப்போம், இரண்டு மணிக்கு வந்து சேரும், அன்று உங்கள் அடுப்பில் கொஞ்சம் குறைவாக வையுங்கள் என்று சொல்லிவிட்டால் அவர்களும் தயாராக இருப்பார்கள். முன்னறிவிப்பில்லாமல் இரவில் போய் நின்றால், அங்கே ஏற்கெனவே சமைத்திருப்பார்கள், உங்களுடையதை வாங்கினால் அவர்களுடையது வீண். அடுப்படியில் பந்திக்குப் போகாத பாத்திரத்தில் இருப்பதை மட்டும் கொடுங்கள், பரிமாறுகிற வாளியில் சுற்றி வந்தது வேண்டாம். சூடாக இருக்கும்போதே மூடியுள்ள பாத்திரத்தில் மாற்றி, என்ன உணவு, எத்தனை மணிக்குச் சமைத்தது, எங்கிருந்து வருகிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு, தயிர்ப் பச்சடி, பால் பாயசம் மூன்றும் முதலில் கெடுகிறவை, கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அவற்றைக் கொடுக்காதீர்கள். மிஞ்சிய உணவைச் சேகரித்துப் பகிர்வதற்கென்றே நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2019-இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்திருக்கிறது, வாங்கிப் பகிர்கிற அமைப்புகள் அதன்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. நம் பக்கம் இப்படி இளைஞர்கள் சேர்ந்து ஒரு வண்டியும் நாலு மூடிப் பாத்திரமும் வைத்துக்கொண்டு தொடங்கினால், முறைகளைச் சொல்லிக்கொடுக்க நான் காசு வாங்காமல் வருகிறேன். காரைக்குடியைச் சுற்றி எத்தனை மண்டபம் இருக்கிறது!

குழி வெட்டிப் புதைத்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் அதுதான் நல்ல வழி. குப்பைமேட்டுக்குப் போயிருந்தால் காற்றுப் புகாமல் அழுகி மீத்தேன் வந்திருக்கும். மாட்டுக்கு ஊற்றியிருந்தால் அதைவிட மோசம். நிறைய பேர் மாடு சாப்பிட்டுவிடும் என்று சோற்றையும் பாயசத்தையும் அப்படியே கொட்டிவிடுகிறார்கள். மாட்டின் வயிறு வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகியது, ஒரே நேரத்தில் அவ்வளவு சோறு உள்ளே போனால் புளித்து, அமிலம் ஏறி, வயிறு நின்றுவிடும். உயிரே போகும், விருந்துக்கு மறுநாள் மாடு செத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். வாழையிலையைக் கொடுங்கள், சோறு வேண்டாம், இலைக்குள் பிளாஸ்டிக் கப்பும் ஸ்பூனும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். கல்யாண வீட்டுச் சோறு கண்ணுக்குத் தெரிகிறது, வீட்டுக் குப்பை தெரிவதில்லை, ஆனால் அளவில் வீடுதான் பெரிது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன், அதில் 63 கோடி டன் வீடுகளில். ஓட்டல், மண்டபம், கேன்டீன் எல்லாம் சேர்ந்து 29 கோடி, கடைகளில் 13 கோடி. இந்தியாவில் வீட்டளவில் ஆளுக்கு வருடத்துக்கு 55 கிலோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்த்த எடைதான் அது, இருந்தாலும் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 கிலோ ஆகிறது.

ஃபிரிட்ஜில் அழுகுவதற்குக் காரணமும் அளவுதான். சந்தையில் மலிவாக இருக்கிறது என்று இரண்டு கட்டுக் கீரை வாங்குவோம், வீட்டில் ஒரு கட்டுத்தான் செலவாகும். சந்தைக்குப் போகுமுன் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அது போதும், பெரிய பட்டியல் எல்லாம் வேண்டாம். நேற்று மிஞ்சியது கண்ணுக்கு நேராக முன்தட்டில் இருக்கட்டும், புதியது பின்னால் போகட்டும். தக்காளி, வாழைப்பழம், மாம்பழத்துக்குப் பக்கத்தில் கீரையும் கொத்தமல்லியும் வேண்டாம், பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பச்சையை மஞ்சளாக்கிவிடும். பாக்கெட்டில் இரண்டு விதமான தேதி இருக்கும். காலாவதித் தேதி தாண்டினால் தொடாதீர்கள். இந்தத் தேதிக்குள் பயன்படுத்தினால் சிறந்தது என்று மட்டும் போட்டிருந்தால் அது சுவையைப் பற்றிய பேச்சு, மறுநாளே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, பிரித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மற்றபடி நம் அடுப்படிக்கு இதை வெளியிலிருந்து வந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பள்ளத்தூரில் வளர்ந்தவள். எங்கள் அப்பத்தா அரிசியை முதலில் களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, இரண்டாம் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைப்பார்கள், வெண்டைக்காய் மண்டிக்கு. கழனித்தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, மொச்சையோ பலாக்கொட்டையோ மா வத்தலோ எது இருக்கிறதோ அதைப் போட்டுக் கொதிக்கவிட்டால், மாவு எதுவும் கரைக்காமலே அந்தத் தண்ணீரால் மண்டி கெட்டிப்படும். வெளியே ஊற்றவேண்டிய தண்ணீருக்கு ஒரு குழம்பையே உண்டாக்கி வைத்திருக்கிறது நம் ஊர். பீர்க்கங்காய்த் தோல் துவையல், மாம்பழக் காலத்தில் மிஞ்சுகிற காயில் மா வத்தல், முற்றின கத்தரியிலும் கொத்தவரையிலும் வத்தல், புளித்துப் போன மாவில் காரப் பணியாரம் என்று வரிசையாகச் சொல்லலாம். சோற்று வத்தல் போடுவதென்றால் மத்தியானச் சோறு மிஞ்சினதும் உடனே அரைத்து, வெயில் இருக்கும்போதே பிழிந்துவிடுங்கள். பழைய சோற்றுக்கும் அப்படித்தான், ஆறினதும் தண்ணீர் ஊற்றி வையுங்கள், சாயங்காலம் வரை மேசைமேல் கிடந்ததில் இரவு தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது, கெட்ட சோறுதான். மிஞ்சுகிற தோலுக்கும் தண்டுக்கும் உங்கள் தோட்டத்தில் இடம் இருக்கிறது, ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ தென்னை நார்த் தூளோ போட்டு மூடி வந்தால் நாற்றம் வராமல் உரமாகும்.

இனி உங்கள் பலகாரம். உடைசல் ஏன் வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். எண்ணெயிலேயே உடைந்தால் மாவில் குறை, ஈரம் பத்தவில்லை அல்லது மாவு நேரம் கழித்துக் காய்ந்துவிட்டது. ஆறு பெண்களுக்கும் சேர்த்து ஒரே குவியலாகப் பிசையாமல், அரை மணியில் பிழிந்து முடிகிற அளவுக்குப் பிசைந்தால் தேன்குழல் பிசிறில்லாமல் வரும். பாக்கெட்டில் உடைந்தால் அடைக்கிற முறையில் குறை. எப்படியும் கொஞ்சம் உடையும், அதைத் தூக்கிப் போடாமல் சீடை, தேன்குழல், முறுக்குத் துண்டெல்லாம் கலந்து வேர்க்கடலையும் கறிவேப்பிலையும் வறுத்துப் போட்டு, உடைசல் என்று வெளிப்படையாக எழுதி, குறைந்த விலைக்கு விற்றுவிடுங்கள். சுவை ஒன்றுதானே, மாலை நேரத்தில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் வாங்குவார்கள். சூடு முழுக்க ஆறாமல் அடைத்தீர்களென்றால் உள்ளே வேர்த்து, இரண்டே நாளில் நமத்துப் போய்த் திரும்பி வந்துவிடும். சிக்கு வாடை என்று திரும்பி வந்தால் காற்றும் வெளிச்சமும் பட்டிருக்கிறது, கண்ணாடிபோல் தெரிகிற கவர் பார்க்க அழகுதான், வெயில் படுகிற கடையில் அது ஆகாது. தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் வாங்கிக்கொண்டு போடுங்கள். கடைக்காரர் போட்டு வையுங்கள் பார்த்துக்கலாம் என்று சொல்வதை நம்பிப் போடாதீர்கள், விற்காததை அவர் உங்களிடம்தான் திருப்புவார்.

எண்ணெய் விஷயத்தில் நான் கண்டிப்பு. பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் என்று சில சேர்ந்துகொண்டே போகும், அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. நுரை அடங்காமல் நிற்பது, நிறம் கறுப்பது, சீக்கிரம் புகைவது, தொட்டால் பிசுபிசுப்பது, இவை வந்தால் நிறுத்திவிடுங்கள். ஆனால் அந்த நிலைக்கு அது சீக்கிரம் போகாமல் பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஈடு எடுத்ததும் அடியில் விழுந்த துகளை அரித்துவிடுங்கள், கருகுவது அதுதான். தீயைக் குறைக்காமல் எண்ணெயைப் புகையவிட்டுவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. வேலை முடிந்ததும் வடிகட்டி, மூடி, இருட்டான இடத்தில் வையுங்கள். கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். லிட்டருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு போகிறவரிடம் எங்கே கொண்டுபோகிறார் என்று கேளுங்கள், சிலர் அதைச் சின்னக் கடைகளுக்குத் திரும்ப விற்கிறார்கள், அது இன்னொருவர் வீட்டுப் பிள்ளை சாப்பிடுகிற பஜ்ஜியில் போய்ச் சேரும். பயோடீசலுக்கு எடுக்கிற, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன, உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். உங்கள் ஒரு வீட்டு எண்ணெய்க்காக வண்டி வராது என்றால் பக்கத்தில் பலகாரம் போடுகிற நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கேனில் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

கடைசியாக மாமியார். அவர்களோடு வாதம் வேண்டாம் ஆச்சி. அவர்களுடைய பயம் பொய்யான பயமில்லை, பந்தியில் சோறு பத்தாமல் போன வீட்டை இந்த ஊர் ஐம்பது வருடம் ஞாபகம் வைத்திருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் கழனித்தண்ணீரைக்கூட வீணாக்காதவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள். அடுத்த விசேஷத்தில் உக்கிராண அறைச் சாவியை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கூடுதல் அரிசி மூட்டை, ரவை, பருப்பு எல்லாம் அவர்கள் கண்முன்னால் இருக்கட்டும், பந்தி எண்ணுகிற பிள்ளை நோட்டைக் கொண்டுவந்து அவர்களிடம் காட்டட்டும், அடுத்த 5 கிலோ வடிக்கலாமா என்று சமையல்காரர் அவர்களிடம் வந்து கேட்கட்டும். குறையாது என்று நீங்கள் நூறு தடவை சொல்வதைவிட, பிரிக்காத மூட்டைமேல் கை வைத்துக்கொண்டு அவர்களே உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தைரியம் கொடுக்கும். விசேஷம் முடிந்ததும் அந்த நோட்டை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்தப் பந்தியில் என்ன மிஞ்சியது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.